ஏழு பேரிடம் கேட்டேன்

சனிக்கிழமை மதியம் எங்கள் மருந்துக் கிடங்கில் குளிர் அறைக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. திங்கள் காலை பார்த்தால் நாற்பது பெட்டி மருந்து வீண். அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கிறேனே, அதனால்.

"துப்புரவு வேலை பாக்கற அம்மாதான் திறந்து போட்டதா நம்பப்படுகிறதுன்னு எழுதும்மா," என்றார் சூப்பர்வைசர்.

"இங்கிலீஷ்ல 'இட் இஸ் பிலீவ்ட்'னு வரும் சார்."

"அதேதான். உன் சித்தியாச்சேன்னு பாக்காத. நீ எழுதினாத்தான் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

எனக்குச் சந்தேகம் அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. அறிக்கை மேலே போனால் சித்தியின் வேலை போய்விடும்.

வகுப்பு நோட்டைப் புரட்டினேன். பலரும் நம்பும் விஷயத்தையோ, யார் சொன்னதென்று தெரியாததையோ இப்படி எழுதலாம் என்றிருந்தது. பலரும் நம்புகிறார்களா? சித்தி வீட்டு ஃபிரிட்ஜையே சரியாகச் சாத்த மாட்டாள். நானே முழுதாக நம்பவில்லை அவளை. எனவே சனிக்கிழமை வேலையில் இருந்தவர்களை வரிசையாகக் கேட்டேன்.

"போலீசுக்குப் படிக்கறியாடி?" என்று சிரித்தாள் பேக்கிங் அக்கா. "உன் சித்தி பன்னெண்டுக்கே கிளம்பிட்டா. நான் ஒண்ணும் நம்பல."

வேன் டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ரெண்டு மணிக்குப் பெட்டி எறக்கறப்போ திறந்து விட்டது உங்க சூப்பர்வைசர்தான். எனக்கெதுக்கு வம்பு, என்னை இழுக்காத."

மற்ற நால்வரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஏழாவது ஆள் நான். டிரைவர் சொன்னது தப்பென்றால், மதியம் அறையைப் பூட்டப் போன நானே திறந்து போட்டேனோ? டைரியைப் பார்த்தேன்: 'சனி, 12.50. குளிர் அறை பூட்டினேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். சாவி சூப்பர்வைசரிடம்.'

அறிக்கையில், சித்திதான் காரணம் என்று சூப்பர்வைசர் நம்புகிறார் என எழுதிக் கொடுத்தேன். விரல் வைத்துப் படித்தார்.

"என்னை எதுக்கும்மா உள்ள இழுத்த?"

"எல்லாரையும் கேட்டேன் சார். வேற யாரும் நம்பலையே."

"எல்லாரையுமா? டிரைவரையுமா?"

நான் கையிலிருந்த டைரியை மூடினேன். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"காரணம் தெரியலைன்னு போட்டுக் கொண்டா."

எழுதிக் கொடுத்தேன். சித்தியின் வேலை தப்பியது. தெரிந்ததைத் தெரியவில்லை என்று எழுதியது சரியா, இன்னும் புரியவில்லை. போகும்போது அவர் என் டைரியையே பார்த்தார். அன்றிலிருந்து அதைக் கைப்பையை விட்டு வெளியே வைப்பதில்லை.