ஆண்களுக்கு மட்டும்

மருந்துக்கடையின் கண்ணாடி மேசைமேல் ஏழு சத்துமாத்திரை டப்பாக்கள் அணிவகுத்து நின்றன. ஏழிலும் புடைத்த புஜங்கள். ஏழிலும் 'ஆண்களுக்கு மட்டும்' என்ற முழக்கம்! லிஃப்ட் மெக்கானிக் ஒவ்வொன்றாக எடுத்தான், படித்தான், வைத்தான்.

கல்யாணமாகி ஆறு ஆண்டுகள், பிள்ளை இல்லை. அவன் மனைவியின் உடலில் ஊசி ஏறாத இடமில்லை. இரண்டு முறை கத்தியும் பட்டது. அவளிடம் கோளாறு இல்லையென்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகும், அவன் தாய் அவனுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. ஆண்மை, எவரும் கேள்வி கேட்கக் கூடாத அரியணை அல்லவா!

இன்று காலை, பெட்டியில் புடவைகளை அடுக்கியபடியே மனைவி சொன்னாள்:

"லிஃப்ட் நின்னுபோனா, எது கெட்டுச்சுன்னு சோதிக்காம எதையாச்சும் மாத்துவீங்களா? பொண்டாட்டியை மட்டும் மாத்திப் பாக்கலாமா? இன்னிக்கு லேபுக்குப் போங்க. இல்லன்னா மத்தியானம் நான் இங்க இருக்க மாட்டேன்."

லேபின் படிவரை போனவன்தான். உள்ளே போகக் கூசி, எதிரே இருந்த இந்தக் கடைக்குள் நுழைந்துவிட்டான். மாத்திரையே சரிசெய்துவிட்டால் சோதனை எதற்கு?

"இதுல எதுங்க நல்ல ஸ்ட்ராங்கு?"

"எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதாண்ணே. ஆம்பளைங்களுக்குள்ளதுல பெரும்பாலும் இரும்புச்சத்து இருக்காது," என்றாள் கடைக்காரப் பெண்.

"இரும்பே இல்லாமலா இந்தப் புஜம்?"

அவள் சிரித்துவிட்டாள். "சரி, உங்களுக்கு என்ன குறை?"

"தெரியல."

"சோதிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதைண்ணே நான் எடுத்துக் குடுக்கறது?"

கையிலிருந்த டப்பாவை மேசைமேல் வைத்தான். வெளியேறித் தெருவைக் கடந்தான்.

லேபில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "டாக்டர் சீட்டு?" என்றார் எழுத்தர். அவனையும் சோதிக்கச் சொன்ன அந்தச் சீட்டை அவன் போன மாதமே கிழித்தெறிந்திருந்தான்.

"விந்துப் பரிசோதனை," என்று முணுமுணுத்தான்.

"யாருக்கு? சத்தமாச் சொல்லுங்க."

"எனக்குத்தாங்க!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காது மடல் எரிய, வீட்டுக்கு அழைத்தான்.

"லேப்லதான் இருக்கேன். போயிடாத."

மறுமுனையில் மனைவி குரலைத் தாழ்த்தினாள். "உங்கம்மா பக்கத்துலதான் இருக்காங்க. உங்களுக்குப் பாத்திருக்கற பொண்ணு வீட்டுக்குக் கிளம்பிட்டிருக்காங்க. நீங்களே சொல்லுங்க."

போன் கைமாறியது. "என்னடா?" என்றாள் தாய்.

எட்டுப் பேரும் அவனையே பார்த்தார்கள்.

"அம்மா, நீ எங்கயும் போகாத. குறை எங்கிட்டயும் இருக்கலாம்."