வரிக் கடைசியில் ஒரு -n

தம்பியின் குரல் அன்று காலை இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று அவன் தொண்டையில். பதினொரு மணிக்கு அதை அறுத்து எடுத்துவிடுவார்கள். இன்னொன்று அவனுடைய அக்கா வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்த புது மெஷினில், ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களாக.

ஒன்பது நாற்பதுக்கு அக்கா என்டர் தட்டினாள்.

அவள் பதினான்கு வருடமாக C மொழியில் புரோகிராம் எழுதுகிறவள். ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர் ‘செமிகோலன்’. வரிக்கு வரி போடவேண்டிய அந்தப் புள்ளியை ஒரு நாளும் அவள் தவறவிட்டதில்லை என்பதால் வந்த பெயர். அவள் வேலை பார்க்கும் இடம் தொண்டை ஆபரேஷனுக்குப் போகிறவர்களை முன்கூட்டியே பேசவைத்துப் பதிவு செய்துகொள்ளும். பிறகு அதிலிருந்து ஒரு குரல் செய்து கையடக்கக் கருவியில் ஏற்றிக் கொடுக்கும். விரலால் தட்டினால் போதும், கருவி அவர்கள் குரலிலேயே பேசும்.

தம்பி முடி திருத்துகிறவன். ஊர் முழுக்க அவனுக்கு ‘ரேடியோ’ என்றுதான் பெயர். ஒரு பக்கம் வெட்டி முடித்துவிட்டு, கதை சுவாரசியத்தில் கத்தரியை ஆட்டிக்கொண்டே கால்மணி நேரம் நின்றுவிடுவான். “இன்னொரு பக்கம் எப்பப்பா?” என்று கேட்டால், “அவசரமா போகணும்னா ஊமை கடைக்குப் போங்க சார்” என்பான். கடைக்குக் கூட்டம் வந்ததே அந்த வாய்க்காகத்தான். அந்த வாய்க்குக் கீழே இரண்டு அங்குலத்தில் கட்டி வந்தது.

டாக்டர் நாள் குறித்ததும் அவன், “பேசி முடிச்சிட்டு வரேன்” என்று சொல்லி இரண்டு முறை தள்ளிப்போட்டான். மூன்று வாரம், தினம் இரண்டு மணி நேரம், ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து, அக்கா நீட்டிய வாக்கியங்களை எல்லாம் வலியோடு வாசித்தான். கடைசி நாற்பது வாக்கியங்கள் அவனே எழுதிக்கொண்டு வந்தவை. மனைவிக்கு ஏழு மாதம். “பொறக்கப்போறது பொண்ணோ பையனோ, அப்பன் திட்டினா அப்பன் குரல்லதான் திட்டணும். வாடகைக் குரல்ல திட்டினா எவன் பயப்படுவான்?”

இப்போது அந்த என்டருக்கு வருவோம்.

பழைய மெஷினிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு நகலெடுத்தாகிவிட்டது. வேண்டாத சோதனைப் பதிவுகளைக் களைய அவளே எழுதிய புரோகிராம் ஒன்று உண்டு. பெயர் துடைப்பம். ஃபோல்டர் பெயரைச் சொன்னால், உள்ளே பூட்டுக் குறி இல்லாத அனைத்தையும் அழித்துவிடும். -n என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் அழிக்காது. எதையெல்லாம் அழிக்கும் என்று பட்டியல் மட்டும் காட்டும். தம்பியின் பதிவுகள்மீது அவளே பூட்டு போட்டிருந்தாள். அந்தப் பூட்டுகள் நகலில் ஒழுங்காக வந்து சேர்ந்தனவா என்று பார்த்துவிடலாமே என்றுதான், ஜாக்கிரதைக்காகத்தான், தட்டினாள்:

thudaippam kuralgal -n

-n எப்போதும் வரிக் கடைசியில். அது அவள் பழக்கம். பட்டியலைப் பார்த்துத் திருப்தியானால் மேல்நோக்கிய அம்புக்குறியை ஒரு தட்டு, பின்னால் ஒட்டியிருக்கும் இரண்டு எழுத்தைத் தேய், என்டர். சௌகரியம்.

திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. எல்லாம் தம்பியின் வாக்கியங்கள். ‘பூட்டுக் குறிகள் வரவில்லை போலிருக்கிறதே, நல்லவேளை முன்னாலேயே பார்த்தோம்’ என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம்தான் வரிகளின் முடிவைப் படித்தாள்.

பட்டியல் மட்டும் காட்டும்போது ஒவ்வொரு வரியும் ‘அழிக்கப்படும்’ என்று முடியும். இது ‘அழிக்கப்பட்டது’ என்று முடிந்திருந்தது.

ஆயிரத்து அறுநூறுக்கும் கீழே கடைசியாக ஒரு வரி.

-n: அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை.

யாரும் வந்து அவளுக்கு விளக்கவேண்டிய அவசியம் இல்லை. நாம் தட்டும் வரியில் எது ஆப்ஷன், எது ஃபோல்டர் பெயர் என்று பிரித்துச் சொல்வது getopt என்ற ஒரு குட்டிப் புரோகிராம். அவள் எழுதியதல்ல, மெஷினோடு வருவது. பழைய மெஷினில் இருந்தது தாராள மனசுக்காரன். வரியின் கடைசிவரை துழாவி, ஆப்ஷன் எங்கே கிடந்தாலும் பொறுக்கி முன்னால் கொண்டுவந்துவிடுவான். புது மெஷினில் இருந்தது சிக்கனக்காரன். ஆப்ஷன் அல்லாத முதல் சொல்லைக் கண்டதும் நின்றுவிடுவான். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவனுக்கு வெறும் பெயர். kuralgal ஒரு ஃபோல்டர். -n இன்னொரு ஃபோல்டர்.

அவளுக்குத் தெரியாததா? புதிதாக வந்தவர்களுக்கு அவளே வகுப்பெடுத்திருக்கிறாள்: “ஆப்ஷனை முன்னாடி போடுங்க, எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருக்காது.” துடைப்பத்தின் உதவிக் குறிப்பிலும் -n முன்னால்தான் இருக்கிறது. எழுதியவளும் அவளே.

அவள் கூப்பிட்டதும் மெஷின் ரூம்காரர் ஓடிவந்தார். திரையைப் பார்த்தார். உட்காரவில்லை.

“மீட்க முடியாதா?”

“இது புது டிஸ்க், செமிகோலன். அழிச்ச அடுத்த நிமிஷமே இடத்தைக் கழுவி விட்டுரும்.”

“பேக்கப்?”

“இன்னைக்குதான் முதல் பேக்கப்.”

“பழைய டிஸ்க்?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நோயாளிங்க குரல் வெளிய போயிடக்கூடாதுன்னு நேத்து சாயங்காலமே அதுல துளை போட்டு நாசமாக்கியாச்சு. நீதானேம்மா கையெழுத்து போட்டே.”

மற்றவர்களுக்கெல்லாம் குரல் செய்து கொடுத்தாகிவிட்டது. செய்யவேண்டிய பாக்கி ஒரே ஒருவன்தான். வீட்டில் போன் வீடியோக்கள் உண்டு. பத்து விநாடி, பதினைந்து விநாடி. கடையின் இரைச்சலுக்குள் அவன் சிரிப்பு. அவற்றில் எதுவும் தேறாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

ஆனால் ஐம்பது வாக்கியம் சுத்தமாகக் கிடைத்தால்? கரகரவென்று அரைகுறையாக ஒன்று செய்யலாம்.

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. டாக்ஸியில் ஏறியதும் தம்பி மனைவிக்குப் போன் போட்டாள்.

“பத்தரைக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்களாம் அண்ணி. சீக்கிரம் வாங்க, உங்களைத்தான் கேட்டுட்டே இருக்காரு.”

சிக்னல்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் சிவப்பு. பத்து இருபதுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரை மறித்தாள்.

“ஒரே ஒரு நாள் டாக்டர். நாளைக்கு வச்சுக்கலாம்.”

டாக்டர் நின்றார். “இதையே ரெண்டு தடவை கேட்டாச்சு. ரெண்டு தடவையும் ஒத்துக்கிட்டது என் தப்பு. இப்ப மூச்சு போற வழி ஒரு பென்சில் அளவுதான் இருக்கு. இன்னும் ஒரு நாள்னா குரல் இருக்கும்மா, ஆள் இருக்கமாட்டார்.”

அறைக்குள் தம்பி பச்சை அங்கியில் உட்கார்ந்திருந்தான். மனைவியை வெளியே நிற்கச் சொல்லியிருந்தார்கள், ஒரு நேரத்தில் ஒருவர்தான். அக்கா போனில் ரெகார்டரை அழுத்தி, கைப்பைமேல் கவிழ்க்காமல் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்து நாலு. ஆறு நிமிடம்.

“ஏதாவது பேசுடா.”

அவன் விரலை உதட்டில் வைத்துச் சிரித்தான்.

“விளையாடாதே. பேசு.”

“எதுக்கு?” காற்றும் கரகரப்புமாக வந்தது.

“சும்மாத்தான். கடையில நடந்த கதை ஏதாவது சொல்லு. அந்த மீசைக்காரர் கதை.”

“வலிக்குதுக்கா.” தொண்டையைத் தொட்டுக் காட்டினான். “ஆயிரத்து அறுநூறு பேசியாச்சு. இனிமே உன் மெஷின் பேசட்டும்.”

இப்போது சொல்லவேண்டும். சொன்னால் வலியோடு பேசுவான்; ஆறு நிமிடமும் பேசுவான். சொல்லாவிட்டால் சிரித்துக்கொண்டே போவான். அவள் வாயைத் திறந்தாள்.

“என் அக்கா எழுதினதுல தப்பே வராதுன்னு கடை பூரா சொல்லி வச்சிருக்கேன்,” என்றான் அவன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். தலையணையைச் சரிசெய்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். திரும்பவும் “பேசுடா” என்றாள். அவன் கண்ணை மூடி, மாட்டேன் என்று தலையாட்டினான். கடிகாரம் அதன்பாட்டுக்கு ஓடியது. பத்து முப்பதுக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. கதவைத் தாண்டும்போது அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அவள் சொன்னது தம்பி மனைவியிடம்தான், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்த பிறகு. அந்தப் பெண் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தாலே தேவலை.

“இதை உள்ளயே சொல்லியிருக்கலாமே அண்ணி.” அவள் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். “என்னை உள்ள கூப்பிட்டிருப்பாரு. இந்த வயித்துமேல வாயை வச்சாவது ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிருப்பாரு.”

அக்கா ரெகார்டரைப் போட்டாள். ஐந்து நிமிடம் ஐம்பது விநாடி. பெரும்பாலும் அவள் குரல்தான்: பேசு, பேசுடா, பேசு. அவனுடையது நாலைந்து துண்டு. அதிலும் நீளமானது, அக்கா எழுதினதில் தப்பே வராது என்பது. மனைவி அதை இரண்டாம் முறை போடவிடவில்லை.

மூன்றாம் நாள் அவனைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். கழுத்தில் ஓட்டை, அதன் வழியாக மூச்சு உஸ் உஸ்ஸென்று போய்வந்தது. கையில் வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்தார்கள். அவன் முதலில் எழுதியது தண்ணீர் என்றல்ல, வலி என்றும் அல்ல.

என் குரல் ரெடியா?

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா பேனாவை வாங்கி அந்தக் கேள்விக்குக் கீழேயே எழுதினாள்: இல்லை. அழிச்சிட்டேன். நான்தான்.

அவன் படித்தான். திரும்பவும் படித்தான். பலகையைத் தள்ளிவிட்டு, பழக்கத்தில், வாயைத் திறந்து பேச ஆரம்பித்தான். உதடுகள் வேகவேகமாக அசைந்தன. கடையில் கத்தரியை ஆட்டிக்கொண்டு பேசுவதுபோலவே வலது கையும் ஆடியது. நெடுநேரம் பேசினான்.

திட்டினானா, பரவாயில்லை என்றானா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கழுத்து ஓட்டையிலிருந்து காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.