வாதி வீட்டு வக்கீல்

அந்த வீட்டைப் பொறுத்தவரை ஊரில் ஓடும் பேருந்துகள் அத்தனையும் அவளுடையவைதான். மழையில் வண்டி வரத் தாமதமானால், "உன் பஸ் இன்னைக்கும் கழுத்தறுத்துடுச்சு" என்பாள் நாத்தனார். இருக்கை கிழிந்திருந்தால், "உன் பஸ்ஸுக்கு ஒரு உறை தைச்சுக் கொடுக்கட்டுமா?" என்பாள். அவளோ போக்குவரத்துக் கழகத்தின் சட்டப் பிரிவில் வேலை பார்க்கும் வழக்கறிஞர். பேருந்தில் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

நாத்தனார் தையல்காரி. கணவனுக்கு மூத்தவள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை. கூடத்து ஜன்னலோரம் அவளுடைய மெஷின் இருந்தது. காலையில் அது ஓடத் தொடங்கினால்தான் அந்த வீட்டுக்கு விடியும்.

ஒரு நாள் முற்பகலில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சட்டப் பிரிவுக்குப் போன் வந்தது. நீள பஸ் ஒன்றின் பின்கதவு மூடும்போது, இறங்கிக்கொண்டிருந்த பெண்ணின் பை வார் அதில் சிக்கிவிட்டது. அது தெரியாமல் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வலது மணிக்கட்டு முறிவு.

இந்த மாதிரிப் போன்கள் அவளுக்குப் புதிதல்ல. வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

"டிரைவர் யார்கிட்டயும் வாயைத் திறக்க வேண்டாம்னு சொல்லுங்க. அந்தம்மா வண்டி நின்ன பிறகு இறங்கினாங்களா, நிக்கிறதுக்கு முன்னாடியேவான்னு கூட வந்தவங்ககிட்ட விசாரிங்க. பை எவ்வளவு பெருசு?"

"பெரிய பைதான் மேடம். துணி மூட்டை மாதிரி இருந்துச்சாம்."

"நல்லது" என்றாள் அவள்.

போனை வைத்த கையோடு கைப்பேசி அடித்தது. கணவன். "அக்கா கீழ விழுந்துட்டா, ஆஸ்பத்திரியில இருக்கோம்" என்றான். பிறகு தயங்கி, "உங்க பஸ்ல" என்றான்.

சற்று முன் "நல்லது" என்று சொன்ன நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் நாத்தனார் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தாலும் வாய் ஓயவில்லை. "உன் பஸ் என்னைக் கடிச்சிடுச்சு, வக்கீலம்மா. நல்லவேளை, முழுங்கல" என்றாள். அவள் குனிந்து நாத்தனாரின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையாக வந்தது. அந்த அழுகையில் பாதி வேறு காரணத்துக்காக என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

போன மழைக்காலத்தில் பொது மேலாளரின் அறையில் ஒரு கூட்டம் நடந்தது. நீள பஸ்களின் பின்கதவில் ஏதாவது மாட்டிக்கொண்டாலும் கதவு சரியாக மூடவில்லை என்று ஓட்டுநருக்குக் காட்டும் சிவப்பு விளக்கு சில சமயம் அணைந்துவிடுகிறது என்று பொறியாளர் சொன்னார். எல்லாவற்றையும் சரிசெய்யப் பல மாதம் ஆகும். அதுவரை அந்த வண்டிகளை நிறுத்திவைத்தால் காலைக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. ஓடிக்கொண்டே இருக்கட்டும், ஒவ்வொன்றாகப் பழுதுபார்க்கலாம் என்று பொது மேலாளர் முடிவு செய்தார். "யாராவது மாட்டிக்கிட்டா நம்மகிட்ட பதில் இருக்காது சார்" என்று அவள் எச்சரித்தாள். "வக்கீல்னா பயமுறுத்தத்தானே செய்வீங்க!" என்று அவர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அவளைச் சட்ட ஆலோசனைக்காகத்தான் அங்கே உட்கார வைத்திருந்தார்கள். ஆகவே அந்த அறையில் பேசியது எதையும் அவள் வெளியே சொல்லக் கூடாது.

மறுநாள் பொது மேலாளர் அவளைக் கூப்பிட்டார். நாத்தனாருக்கு உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பழமும் வாங்கிக் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தக் கேஸ்ல நீங்க தலையிட வேண்டாம் மேடம். வேற ஒருத்தர் பார்த்துக்குவார்."

"நானே அதைத்தான் கேட்க வந்தேன் சார்."

"ஆனா ஒரே வீட்டுல இருக்கீங்க. கோர்ட்டு கச்சேரின்னு எதுக்கு? நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லி முடிச்சு வைக்கலாமே."

"அது என்னால முடியாது சார். நான் எந்தப் பக்கத்துக்காகப் பேசறேன்னு எனக்கே தெரியாது."

"சரி. பேச வேண்டாம். எதையுமே பேச வேண்டாம். புரியுதில்ல?" என்றார்.

புரிந்தது. வேலையை உதறிவிட்டுப் போனால் என்ன என்று அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள். போனாலும் விடிவில்லை. கட்சிக்காரரின் இரகசியம் வேலையோடு முடிகிற சமாசாரம் இல்லை. சம்பளம் நின்றுவிடும், வாய்ப்பூட்டு மட்டும் ஆயுசுக்கும் கூடவே வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

வீட்டில் மெஷினின் மேல் ஒரு விரிப்பைப் போட்டு மூடியிருந்தார்கள். தைக்கக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வெட்டாத துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். நாத்தனார் ஒவ்வொருவரிடமும் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தியதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். கட்டைப் பிரித்த பிறகும் கட்டைவிரல் மடங்கவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்தால் நழுவி விழுந்தது.

கணவன் அதுவரை பொறுத்திருந்தான். கணக்கு வாத்தியார் அவன். நேரடியான கேள்விக்கு நேரடியான விடை கிடைக்க வேண்டும் அவனுக்கு. ஒரு மாலை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். அந்தக் கதவுல ஏற்கெனவே கோளாறு இருந்துச்சா?"

அவள் குழாயை மூடவில்லை. "என்கிட்ட இதைக் கேட்காதீங்க."

"இல்லைன்னு சொல்லிட்டா நான் கேட்கவே மாட்டேனே."

"ஏங்க, நான் எதுவும் சொல்லக் கூடாதுங்க. இருக்குன்னும் சொல்லக் கூடாது, இல்லைன்னும் சொல்லக் கூடாது. சொல்லக் கூடாதுங்கறதையே சொல்லக் கூடாது. நீங்க என் மூஞ்சியப் பார்த்து ஏதாவது கண்டுபிடிச்சீங்கன்னா, அதுக்கும் நான்தான் பொறுப்பு."

"எங்க அக்காடி" என்றான் அவன். அவன் அவளை 'டி' போட்டுப் பேசியதே இல்லை. கோபத்தில் சொல்லவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னான். அதனால்தான் அதிகம் வலித்தது.

அவள் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

கொஞ்ச நாளில் நாத்தனார் ஒரு வக்கீலைப் பிடித்தாள். பெரிய மூக்குக் கண்ணாடி போட்டவர் என்பதால் வீட்டில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர். அதன் பிறகு வாதி ஒரு பக்கம் அரிசி களைய, பிரதிவாதியின் வக்கீல் மறுபக்கம் காய் நறுக்கினாள். அவள் கூடத்துக்குள் வந்தால் அக்காவும் தம்பியும் பேச்சை மாற்றினார்கள். கண்ணாடிக்காரர் போன் செய்தால் அவளே எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். நல்ல வெயிலில்கூட, துணி காய்ந்துவிட்டதா என்று பார்ப்பவள்போல் கொடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நிற்பாள்.

ஒரு நாள் காலை அவள் வேலைக்குப் போன பஸ்ஸும் நீள பஸ்ஸாக வாய்த்தது. பின்கதவருகே பள்ளிப் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு புஸ்ஸென்று மூடியபோது அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒரு சிறுமியின் பையைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க ஆன்ட்டி" என்று சிணுங்கினாள் சிறுமி.

அன்று அவள் தன் மேசைக்குப் போகவில்லை. நேராகப் பொது மேலாளரின் அறைக்குப் போனாள்.

"அந்த வண்டிகளை இன்னைக்கே நிறுத்தணும் சார்."

"உங்க வீட்டு ஆளுக்கு அடிபட்டதால உணர்ச்சிவசப்படறீங்க."

"இருக்கலாம். நான் வெளியில யார்கிட்டயும் வாயைத் திறக்கல, திறக்கவும் மாட்டேன். ஆனா உள்ளுக்குள்ள பேசறதுக்கு எனக்குத் தடை இல்லை. நீங்க நிறுத்தலைன்னா நான் நிர்வாகக் குழுத் தலைவர்கிட்ட போறேன்."

"யோசிச்சுப் பேசுங்க மேடம்."

"யோசிச்சு யோசிச்சுத்தான் சார் இத்தனை நாள் வீணாப் போச்சு."

தலைவரிடம் போனாள். அவர் அவளை வாசலில் வெகுநேரம் காக்க வைத்தார். உள்ளே கூப்பிட்ட பிறகு, குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "பிள்ளைங்க அதிகமா போற வண்டியா?" என்று மட்டும் விசாரித்தார். அந்த வாரமே நீள பஸ்கள் பணிமனைக்குப் போய் நின்றன. 'வழக்கமான பராமரிப்பு' என்று அறிவிப்பு வந்தது. அவளைப் பேருந்து நிலையக் கடைகளின் குத்தகையைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை அது. முன்பு பழைய டயர்களைப் போட்டு வைத்திருந்தார்களாம். அந்த வாசனை இன்னும் போகவில்லை. மாற்றலுக்குக் காரணம் என்னவென்று வீட்டில் கேட்டார்கள். "சும்மா, மாத்திட்டாங்க" என்றாள்.

நல்லது செய்ததையும் வெளியே சொல்ல முடியாமல் போயிற்று. சொன்னால் வண்டிகளை ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் சொன்னதாகிவிடும்.

நீள பஸ்கள் திடீரென்று காணாமல் போனது கண்ணாடிக்காரருக்கும் உறைத்தது. அவர் அவளையே சாட்சியாக அழைத்தார்.

நீதிமன்றத்தில் அவள் ஏறிய கூண்டுக்கு எதிரே நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கழகத்துக்காக வாதாடியவர், சட்டப் பிரிவில் அவளுக்கு எதிர் மேசையில் இருந்து வருஷக்கணக்காக அவளோடு டீ குடித்தவர். கண்ணாடிக்காரர் சுற்றி வளைக்கவில்லை.

"பின்கதவு விளக்குல கோளாறு இருக்குங்கறது விபத்துக்கு முன்னாடியே நிர்வாகத்துக்குத் தெரியுமா?"

எதிர் மேசைக்காரர் உடனே எழுந்து தடுத்திருக்க வேண்டும். ஆனால் அவர் கையிலிருந்த பேனா கீழே விழ, அதை எடுக்கக் குனிந்தார். வேண்டுமென்றே குனிந்தாரோ என்றுகூட அவளுக்குப் பிற்பாடு தோன்றியதுண்டு. ஒரு மூச்சு விடும் நேரம் அவளை யாரும் தடுக்கவில்லை. 'தெரியும்' என்ற ஒரு சொல் போதும். அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரும் அவளைப் பார்த்தாள்.

"ஆட்சேபிக்கிறேன்" என்று எதிர் மேசைக்காரர் நிமிர்ந்தார். "கட்சிக்காரர் தன் வழக்கறிஞரோட பேசினதைக் கேட்க முடியாது."

நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். சாட்சி இறங்கலாம் என்றார். இறங்கும்போது கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

தீர்ப்பு பிறகு வந்தது. வண்டி பரிசோதனையில் தேறியதற்குச் சான்று இருந்தது. அது பொய்யும் இல்லை. பை பெரியது, வார் நீளம், பயணியும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று பழியைக் கழகத்துக்கும் நாத்தனாருக்கும் பாதிப்பாதியாகப் பங்கு போட்டு, நஷ்டஈட்டையும் பாதியாக்கிவிட்டார்கள். கணவன் மேல்முறையீடு செய்யலாம் என்று குதித்தான். "போதும், எனக்கு அலுத்துடுச்சு" என்றாள் நாத்தனார்.

அன்று மாலை கணவன் வெளியே போயிருந்தான். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஆள் குனிஞ்சான் பாரு, பேனா எடுக்க. அப்ப உனக்கு நேரம் இருந்துச்சு இல்ல?"

இதற்குப் பதில் சொல்ல எந்தத் தடையும் இல்லை. அதுதான் கொடுமையாக இருந்தது.

"இருந்துச்சு அண்ணி."

"சொல்லணும்னு தோணுச்சா?"

"தோணுச்சு."

"நான் உன் இடத்துல இருந்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள் நாத்தனார். பிறகு, "அதனாலதான் என்னை யாரும் வக்கீலா வைக்கல" என்றாள். மன்னித்துவிட்டாளா, குத்திக் காட்டினாளா என்று பிரித்தறிய முடியாத குரல். அவள் மடித்த துணியையே உதறி மடித்தாள்.

நாத்தனார் எழுந்து போய் மெஷினின் மேலிருந்த விரிப்பை எடுத்தாள். அலமாரியிலிருந்து ஒரு நீலத் துணியைக் கொண்டுவந்து தரையில் விரித்தாள். இடது கைக்காரர்களுக்கென்று செய்த புதுக் கத்தரிக்கோல் ஒன்று அவள் கையில் இருந்தது. எப்போது வாங்கினாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

"வா, இந்த ஓரத்தை இழுத்துப் பிடி. சுருக்கம் விழக் கூடாது."

அவள் மண்டியிட்டுத் துணியின் ஓரத்தைப் பிடித்தாள். "இப்படியா அண்ணி? இல்ல, இன்னும் கொஞ்சம்..."

"பேசாம பிடி" என்றாள் நாத்தனார். "அதுதான் உனக்கு நல்லா வருமே."

கத்தரிக்கோல் தட்டுத் தடுமாறிக் கோணலாக வெட்டிக்கொண்டு வந்தது. கை கடுத்தபோதும் அவள் துணியை விடவில்லை.