ஒன்பதாம் சங்கீதத்தின் முதல் வரி

ஷுப்ரா பேட்டையின் கிறிஸ்தவக் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஃபோனில் வேதம் படிப்பது ரிஃப்கா எழுதிய செயலியில்தான். காசு கிடையாது. நிரல் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். தெற்கே அஸ்யூத் என்ற ஊரிலிருந்து பாகூம் ஒருவனைத் தவிர யாரும் வந்து திருத்தியதில்லை. குறை சொல்ல மட்டும் ஊரே திரண்டு வரும்.

பெருநோன்புக்கு முன் வந்த குறை நியாயமானதுதான். அச்சு வேதத்தில் ஒன்பதாம் சங்கீதமும் பத்தாம் சங்கீதமும் தனித்தனி. கோயில் கணக்கில் இரண்டும் சேர்ந்து ஒரே நீளப் பாட்டு. அதற்குப் பிறகு பெரும்பாலான எண்கள் ஒன்று குறையும்.

"நம்ம எண்ணப் போட்டுத் தேடினா வேற பாட்டு வந்து நிக்குதும்மா" என்று பாதிரியார் அபூனா தத்ரோஸே அலுத்துக்கொண்டார். ரிஃப்கா ஒரே மூச்சில் எண்களை மாற்றினாள். பாகூம் பார்த்துச் சரி என்றான். புதிய பதிப்பு ஒவ்வொரு ஃபோனாகப் போகத் தொடங்கியது.

நோன்பின் நடுவில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து முற்றத்தில் எல்லோரும் வேகவைத்த மொச்சை ஃபூல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மார்சேல் தட்டைத் தொடாமல் ரிஃப்காவின் அருகில் வந்து உட்கார்ந்தாள். அவள் கணவர் நஸ்மி போன வருடம் போய்ச் சேர்ந்தவர். பல வருடமாகச் சங்கீதங்களுக்குக் கீழே செயலியில் குறிப்பு எழுதி வந்தவர். அவருடைய ஃபோனில் தினம் ஒன்றாகப் படிப்பதுதான் இப்போது மார்சேலுக்கு இருக்கும் ஒரே துணை.

"இதப் படி கண்ணு."

முழு மனதோடு கடவுளைத் துதிக்கிற, ஒன்பதாம் சங்கீதத்தின் முதல் வரி. அதன் கீழே: 'போதும். இனி உன்னிடம் எதையும் கேட்கப்போவதில்லை.'

"துதி பாடுற எடத்துல இப்படி எழுதியிருக்காரு. கோயில்ல வாய் நெறையத் தோத்திரம் சொன்னதெல்லாம் சும்மாவா? என்கிட்டயும் நடிச்சாரா? நோன்பு ஆரம்பிச்சதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

ரிஃப்கா வரியின் எண்ணைப் பார்த்தாள். "ஃபோனக் கொஞ்சம் குடுங்க ஆன்ட்டி" என்று வாங்கிக்கொண்டு மாடியில் ஞாயிறு வகுப்பு அறைக்கு ஓடினாள். மடிக்கணினியில் இணைத்துப் பார்த்துவிட்டு பாகூமைத் தன் ஃபோனில் அழைத்தாள்.

"பத்தாம் பாட்டுக் குறிப்பெல்லாம் எங்க போச்சு?" என்றான் அவன்.

"ஒண்ணு கழிச்சேன். ஒன்பதுக்கு."

"ஒன்பதோட வாலுக்கா, தலைக்கா?"

அவள் நிரலில் அந்த வரியைத் தேடி அவனுக்கு அனுப்பினாள்.

"தலைக்குத்தான் போயிருக்கு. பாட்டு எண்ண மாத்தின, வரி எண்ண மாத்தல. அங்க ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தா?"

"புதுசு மேல ஏறி உக்காந்துக்கும். பழசு அழிஞ்சிடும்."

"அடிப்பாவி."

"நீயும்தானே பாத்துட்டுச் சரின்ன?"

"சின்ன வயசுலேருந்து ஒண்ணு கழிச்சுக் கழிச்சே பழகிட்டோம். உன் புத்திக்கு எட்டுனதுதான் என் புத்திக்கும்."

கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒருவன் எழுதியிருந்தால், வரி வரியாக எண்ணிப் பார்த்திருப்பான். இந்த இரண்டு பேரும் பக்தியில் வளர்ந்தவர்கள், எண்ணவில்லை. பாகூம் உடனே அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றான். அதை இன்னும் ஃபோனில் ஏற்றாதவர்கள் தப்பித்தார்கள். நஸ்மியின் ஃபோனிலோ, ஒன்பதின் முதல் வரியில் ஒரு குறிப்பு அழிந்து இன்னொன்று ஏறியதற்கான தடயம் மட்டும் இருந்தது. அழிந்தது என்னவென்று எங்கும் இல்லை. நகல் எடுத்து வைக்கும் வசதியை அடுத்த பதிப்புக்கென்று தள்ளிப்போட்டவள் அவளேதான். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது.

கீழே இறங்கி வந்து சொன்னாள். "அது அங்க எழுதினது இல்ல ஆன்ட்டி. பத்தாம் பாட்டுத் தொடக்கத்துல, ஏன் தூரமா நிக்கிறன்னு கடவுளக் கேக்கிற வரி இருக்கில்ல, அதுக்குக் கீழ எழுதியிருந்தாரு. என் தப்பால எடம் மாறிடுச்சு."

மார்சேலின் முகம் தளர்ந்தது. "அங்கயா? அங்க அப்படி எழுதலாம். ஆஸ்பத்திரில அவர் கெடந்தப்ப நானும் அதத்தான் கேட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப துதிக்குக் கீழ அவரு ஒண்ணும் எழுதலையா?"

'இல்லை' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

"எழுதியிருந்தாரு. நான் அழிச்சிட்டேன். திரும்ப வராது."

"என்னன்னு..."

"தெரியாது ஆன்ட்டி."

மார்சேல் ஃபோனை வாங்கிப் பைக்குள் வைத்தாள். எழுந்து நின்றாள்.

"இல்லன்னே சொல்லியிருக்கலாம் நீ" என்றாள்.