தோள்மேல் ஏறிய கத்தலான் குரங்கு

1989-இல் பட்டாபிராமில், ஸ்பெயின் பக்கத்துக் கத்தலான் மொழி தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் போதை மறுவாழ்வு இல்லம் நடத்திய சிஸ்டர் நூரியா. அது அவர் தாய்மொழி. மற்றவன் நான், மூன்று நாளாகத் தெரியும்.

பார்சிலோனாவிலிருந்து ஒரு டாக்டர் வரவிருந்தார். அவருக்கும் ஆங்கிலம் வராது, சிஸ்டருக்கும் வராது. இல்லத்து நோயாளிக் குறிப்புகளோ ஆங்கிலத்தில்தான் இருந்தன. ஆகவே நான் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் விளக்கம் சொல்ல, சிஸ்டர் அதைக் கத்தலானில் எழுதிக்கொள்வார். பி.ஏ. ஆங்கிலம், இரண்டு அரியர். அந்த வட்டாரத்தில் என்னைவிடத் தகுதியானவர் கிடைக்கவில்லை.

நான் ஒப்புக்கொண்டது என் அண்ணன் பால்ராஜுக்காக. பிரவுன் சுகர் பழக்கத்தால் அங்கே சேர்ந்திருந்தான். இரண்டு முறை சுவரேறிக் குதித்து, மூன்றேகால் ரயிலில் சென்ட்ரல் போய்விட்டான். மூன்றாம் முறை ஓடினால் திரும்பச் சேர்க்கமாட்டார்கள்.

அன்று எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை.

"கிரேவிங்," என்று படித்தேன். "வேட்கை, சிஸ்டர்."

"வேட்கையா?" பால்ராஜ் சிரித்தான். "இன்னாடா, கண்ணாலப் பத்திரிகை எழுதுறியா? எலும்புக்குள்ள பூந்துகினு பிறாண்டும் நைனா. அதுக்குப் பேரு வேட்கையாம்."

சிஸ்டர் ஆறு வருடமாக நோயாளிகளிடமே தமிழ் கற்றவர். "எனக்குத் தெரியும். எங்க ஊர்ப் பசங்க அத்த 'மோனோ'ம்பாங்க. கொரங்கு. கொரங்கு ஏறிகிச்சிம்பாங்க."

"கொரங்கா?"

"ஆமா, பால்ராஜ்."

கத்தி நின்றது. அம்மா, சர்ச் பாதர், நான் என்று யார் கேட்டாலும் 'நல்லா கீறேன்' என்று மட்டுமே சொல்லிவந்தவன், தலை தூக்காமல் சொன்னான்: "இப்பகூட தோள் மேல குந்திகினு கீது, சிஸ்டர். எறங்கமாட்டேங்குது."

மணி மூன்று.

சிஸ்டர் நோட்டை மூடிவிட்டு, அவன் கையைப் பிடித்து முற்றத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். ஒன்பதாவது சுற்றில் ரயில் கூவியது. அண்ணன் சுவரைப் பார்த்தான். சிஸ்டர் கையை விடவில்லை. ரயில் போய்விட்டது.

திரும்பி வந்ததும் சட்டையைக் கழற்றினான். உள்ளே இன்னொரு சட்டை. ஓடுகிறவர்கள் பை எடுப்பதில்லை, வாட்ச்மேன் பார்த்துவிடுவார். இரண்டு சட்டையாகப் போட்டுக்கொள்வார்கள்.

உள்ளே இருந்ததையும் கழற்றி, "இந்தா, உன்னுதுதான்," என்று நீட்டினான். போன முறை அவன் ஓடியபோது வீட்டில் காணாமல்போன என் கோடுபோட்ட சட்டை.

என் சொற்பட்டியலில் 'வேட்கை'யை அடித்துவிட்டு 'கொரங்கு' என்று எழுதினேன். நான் பார்த்தேயிராத அந்த ஊர்ப் பசங்களுக்கு மனமார்ந்த நன்றி. அண்ணன் அங்கேயே இருந்தான். சட்டையில் ஒரு பொத்தான்தான் குறைந்தது.