சூனியக்காரியின் தோளில் காக்கை

ஸாகிரிக்குத் துடைப்பம்தான் விமானம். ‘மேகப் படை’ என்ற ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடரில் போர் வீராங்கனைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் சூனியக்காரி அவள். பிள்ளைகள் அவளுடைய கூம்புத் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம்வரை போகிறார்கள். அவளுக்குக் குரல் கொடுப்பவள் சிதோசே. ஸாகிரியின் தோளில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்குக் குரல் கொடுப்பவள் ஒரியே.

ஆமாம், காக்கைக்கு. இரண்டு பேரும் ஒரே பள்ளியில் குரல் நடிப்புப் படித்தவர்கள். ஸாகிரி வேடத்துக்கு ஒரே நாளில் தேர்வுக்குப் போனவர்கள். ஒருத்திக்குச் சூனியக்காரி கிடைத்தாள், இன்னொருத்திக்குக் “கா” கிடைத்தது. வாராவாரம் டோக்கியோவின் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், சிதோசேவுக்குப் பக்கத்து மைக்கில் நின்று கத்திவிட்டு வருவாள் ஒரியே. வயிறு எரியும். சிதோசே கெட்டவளாக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். அவளோ தொண்டைக்கு இதமாக மிட்டாய் டப்பா வைத்துக்கொண்டு, தனக்கு ஒன்று எடுத்தால் ஒரியேவுக்கும் ஒன்று நீட்டுகிறவள். அதைச் சப்பும்போது வயிறு இன்னும் எரியும்.

அன்று புயல். ரயில் நின்று சிதோசே பாதி வழியில் மாட்டிக்கொண்டாள். ஸாகிரியின் மாணவிகளாக நடிக்கும் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

“ஒரியே, ஸாகிரி வசனத்த நீ சும்மா படிச்சு விடு. பொண்ணுங்க பதில் சொல்லணும்ல,” என்றார் இயக்குநர் குகா. “அவ வந்ததும் அவ குரல ஏத்திட்டு உன்னோடத அழிச்சிடலாம்.”

இப்படி இடத்தை நிரப்புகிறவர் நடிக்கக் கூடாது. செய்தி வாசிப்பதுபோல வாசித்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். யாரும் சொல்லித் தருவதில்லை; எல்லாருக்கும் தெரியும். அடுத்தவர் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பைப் போட்டுப் பார்க்கக் கூடாது என்பதுபோலத்தான்.

காட்சி இதுதான்: ஸாகிரியின் துடைப்பம் முறிந்துவிட்டது. இனி அவள் பறக்க முடியாது. தான் பழக்கிய நாகி என்ற பெண்ணைத் தனியாகச் சண்டைக்கு அனுப்பிவிட்டு ஓடுபாதையில் நிற்கிறாள். சிதோசே இருந்தால் பெற்ற தாய் மாதிரி உருகியிருப்பாள். ஒரியே திரையைப் பார்த்தாள். ஸாகிரியின் அண்ணாந்த முகம். அதில் தாயும் இல்லை, தெய்வமும் இல்லை. எவளோ ஒருத்தி தன் வானத்தில் ஏறப் போகிறாள், தான் தரையில் நிற்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பும்போது ரயில் ஜன்னலில் ஒரியே வாராவாரம் பார்க்கிற முகம் அது.

மரியாதை காற்றில் பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“போ. திரும்பிப் பாக்காத. நான் தொடாத உயரம் அது. உனக்குக் கெடச்சிருக்கு. போ!”

“டீச்சர்...” நாகியாக நடித்த பெண்ணுக்கு நிஜமாகவே அழுகை வெடித்தது. மற்றவர்கள் குரலும் நடுங்கிற்று.

குகா கண்ணாடி அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். “பொறாமை! ஸாகிரிக்குப் பொறாமை! இத்தன நாள் நமக்கு உறைக்கலயே!” பிறகு ஒரியேவைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னார்: “சிதோசேக்கு இது வரலன்னா ஸாகிரிய உனக்கே தந்துடறேன். நாகியோட இந்த அழுகைய நான் விடறதா இல்ல.”

மதியத்துக்குமேல் சிதோசே சொட்டச் சொட்ட நனைந்து வந்தாள். “காலை வணக்கம்” என்றாள். எத்தனை மணிக்கு வந்தாலும் கூடத்தில் அதுதான் வணக்கம். எல்லாரிடமும் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு மைக்கின் முன் நின்றாள்.

குரலில் தேன் ஒழுகியது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் தேன். இந்தச் செல்லக் குரலுக்கு நாகி ஏன் அப்படி அலறுகிறாள் என்று கேட்கத் தோன்றியது.

“பொறாமை, சிதோசே, பொறாமை!”

“எனக்கு யார் மேலயும் அப்படி வந்ததே இல்லயே சார்,” என்றாள் அவள் பாவமாக.

எப்படி வரும்? வர வேண்டிய அவசியம் என்றைக்கு இருந்தது மகாராணிக்கு?

ஒரியே அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். ஸாகிரி தானாக வந்து மடியில் விழுந்திருப்பாள். ஆனால் ஜெயித்தால் மட்டும் அவளுக்குப் போதவில்லை. சிதோசே அதைக் கேட்க வேண்டும், அந்த முகம் தொங்குவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும்.

“நான் படிச்சத அவளுக்குப் போட்டுக் காட்டுங்க சார்.”

“எதுக்கு?”

“கேக்கட்டும், சார்.”

போட்டார்கள். சிதோசே ஹெட்போனை மாட்டிக்கொண்டு வழக்கமான சிரிப்போடு கேட்க ஆரம்பித்தாள். நாகி அழத் தொடங்கியபோது சிரிப்பு போயிருந்தது. தன் ஸாகிரிக்காக வேறொருத்தி பேச, தான் பேசி ஒருநாளும் வராத அழுகை நாகிக்கு வந்திருக்கிறது. சிதோசே மெல்லத் திரும்பி ஒரியேவைப் பார்த்தாள். ரயில் ஜன்னல் முகம்! ஒரியேவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

“இன்னொரு தடவ எடுங்க,” என்றாள் சிதோசே. தயவுசெய்து என்று சொல்லவில்லை.

அவள் திரையைப் பார்க்கவில்லை. ஒரியேவையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“போ. திரும்பிப் பாக்காத...”

ஒரியேவுக்கு இதைக் கேட்ட பிறகு, தான் காலையில் பேசியது உண்மையிலேயே செய்தி வாசிப்புதான் என்று தோன்றியது. கடைசி “போ” வந்தபோது அவளை அறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“இதான்! இதான் ஸாகிரி!” குகா மேஜையைத் தட்டினார்.

ஒரியேவிடம் மட்டும் இருந்த ஒரே சரக்கு அந்தப் பொறாமை. அதையும் எடுத்துத் தன் கையாலேயே அவளுக்குக் கொடுத்தாயிற்று.

சிதோசே மிட்டாய் டப்பாவைத் திறந்து, தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டு மூடினாள். ஒரியேவிடம் நீட்டவில்லை.

“ஒரியே, காக்கா எடுத்துடலாமா?” என்றது குகாவின் குரல்.

பதிவு தொடங்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரியே பக்கத்து மைக்கில் போய் நின்று கத்தினாள்.