முட்டுக்கிடாவுக்கு ஆடி இல்லை

கோவில்பட்டியில் நாங்கள் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறோம். முட்டுக்கிடா எங்கள் மார்க். கொம்பைத் தாழ்த்திப் பாயும் அந்தக் கிடாவை லேபிளில் போடச் சொன்னவள் நான், கிருஷ்ணவேணி. “பொம்பள சொல்லுத மார்க்குன்னா பூவு, கிளின்னு இருக்கக் கூடாதா?” என்று இளித்தவர்களை இப்போது காணோம். வடக்கேயிருந்து வரும் வியாபாரி, தமிழ் தெரியாமல், தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்துக் காட்டி என் தீப்பெட்டியைக் கேட்கிறார். எனக்குப் பெருமை இருக்காதா?

அந்தக் கிடாவுக்குத்தான் இந்த ஆடியில் ஆபத்து வந்தது. அதைச் சொல்ல வந்தவர் எங்களைப்போலத் தீப்பெட்டி போடும் சாமித்துரை.

“மதினி, உங்க மார்க்கு பதிவு தையோட முடிஞ்சு போச்சாம்லா? நானே கிடா லேபிள் அடிச்சு வச்சிட்டேன். கோவிச்சுக்கிடாதீங்க.”

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. ஆடிட்டர் முத்துசெல்வத்தைப் போனில் பிடித்தேன்.

“ஆமாக்கா. பத்து வருசத்த விண்ணப்பம் போட்ட நாள்ல இருந்துல்லா கணக்குப் பண்ணுவாவ! நீங்க எதுல இருந்து எண்ணுனீங்க?”

சான்றிதழைக் குலசாமி காலடியில் வைத்துக் கும்பிட்ட கோயில் கொடைத் திருவிழாவிலிருந்து எண்ணியிருந்தோம். சாமி பார்த்த பிறகுதானே எங்களுக்கு எதுவும் தொடக்கம்? சர்க்காருக்கு அது எப்படித் தெரியும்!

“பதறாதீங்க. முடிஞ்ச பெறகும் ஆறு மாசம் விடுதாவ. கூடக் கொஞ்சம் கட்டிப் புதுப்பிச்சிரலாம். ஆனா அந்த ஆறு மாசமும் இந்த வாரத்தோட சரி. அதையும் விட்டா, போன மார்க்க மீட்டுக் குடுங்கன்னு தனியா மனுப் போட்டு அலையணும்.”

என் வீட்டுக்காரர் வேல்சாமி சட்டையை மாட்டாமல் நின்றார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். “ஆடியில போய்க் கையெழுத்துப் போடவா? ஆவணி பொறக்கட்டுமே, கிருஷ்ணா.”

“புதுத் தொழில் தொடங்கதுக்கு ஆடி பாருங்க. பெத்த பிள்ளைக்குச் சோறு போடுததுக்குமா ஆடி பாப்பீங்க?”

அவர் சட்டையை எடுத்து மாட்டினார்.

முத்துசெல்வம் கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைப் போட்டுப் பணத்தையும் கட்டினான். “இன்னும் பத்து வருசத்துக்குக் கவலையில்லக்கா. அடுத்த தடவ முடியுததுக்கு ஒரு வருசம் முன்னாலயே புதுப்பிக்கலாம், கடைசி வரைக்கும் இருக்காதீங்க.”

திரும்பும் வழியில் சாமித்துரை ஆபீஸ் முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னேன். புது லேபிள் கட்டுகள் வாசல்வரை அடுக்கியிருந்தன. ஆறு மாத அவகாசம் அவருக்கும் தெரியாது போல.

“என்ன மதினி, முடிஞ்சுதா?” என்றார் சிரிப்போடு.

நல்லா நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் வேல்சாமி வண்டியில் உட்கார்ந்தபடியே நெஞ்சை நிமிர்த்தி, தலையில் இரண்டு விரலை வைத்து அவருக்குக் காட்டினார்.